மின்னோட்டத்தின் மதகு

நுழையும்முன்

விரல்நுனியில் அடங்கும் சிறு பொருள் ஒன்று, ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை ஓடவும் நிற்கவும் வைக்கிறது. கணினிக்குள் கோடிக்கணக்கில் குடியிருப்பதும், மின்தொடர்வண்டியை இழுத்துச் செல்வதும் அதன் இனத்தைச் சேர்ந்தவையே. டிரான்சிஸ்டர் என்னும் அப்பொருள் மின்னணுச் சாவியாகப் பணியாற்றும் முறையையும், அப்பணியில் அது தவறும் இடங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கிணற்றடி இருள்

உழவுக்குரிய மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமும் என முறைவைத்து வழங்கப்படுவதைத் தமிழக ஊர்கள் நன்கறியும். இரவு முறை வரும்போது உழவர் கைவிளக்கை ஏந்தி வரப்பின்மேல் நடந்து கிணற்றடிக்குச் செல்ல வேண்டும். வரப்பில் பாம்பு கிடக்கும். மழைநாளில் மோட்டார்க் கொட்டகையின் சுவரும் ஸ்டார்ட்டர்ப் பெட்டியும் நனைந்திருக்கும். பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்துவதற்காக மட்டும் மேற்கொள்ளப்பட்ட அந்த நடை, சில குடும்பங்களில் உயிரிழப்பில் முடிந்ததும் உண்டு.

இந்த நடையைத் தவிர்க்கவே, கைப்பேசி அழைப்பாலோ குறுஞ்செய்தியாலோ மோட்டாரை இயக்கும் கருவிகள் உருவாயின. உழவர் திண்ணையில் அமர்ந்து கட்டளை அனுப்புகிறார். கருவிக்குள் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி அக்கட்டளையை உணர்ந்து, தன் முனையொன்றில் 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தருகிறது. அம்முனை தாங்கக்கூடிய மின்னோட்டமோ ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர்தான். ஒரு சிறு குறிவிளக்கை ஒளிரச் செய்யலாம். அதற்குமேல் கேட்டால் நுண்கட்டுப்படுத்தியே பழுதாகிவிடும். மறுபுறத்தில் காத்திருக்கும் மோட்டாரின் திறன் 3,730 வாட். இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு, கிணற்றடிக்கும் திண்ணைக்கும் உள்ள தொலைவைவிடப் பெரியது. அதனைக் கடப்பதற்குரிய முதற்படியே டிரான்சிஸ்டர்.

ஏரியும் மதகும்

பெரிய ஏரி ஒன்றின் மதகைத் திறப்பவர் தனி ஒருவரே. அவர் திருகுக் கம்பியைச் சுற்றுகிறார், பலகை மேலெழுகிறது, நூற்றுக்கணக்கான ஏக்கருக்குப் பாயும் நீர் மடை வழியே பாய்கிறது. அந்நீரை அவர் சுமந்து வரவில்லை. நீரின் விசை ஏரியினுடையது. திறப்பதும் அடைப்பதும் மட்டுமே அவருடையது. தமிழகத்துப் பழைய ஏரிகளில் அமைந்த குமிழித்தூம்பும் இத்தகையதே. ஏரிக்குள் நீந்திச் சென்று மூழ்கி அடைப்பை விலக்கியவர் ஒருவர்; கழனி முழுதும் நனைந்தது.

டிரான்சிஸ்டர் செய்வதும் இதுவே. மாணவர் பலர், டிரான்சிஸ்டர் சிறிய மின்னோட்டத்தைப் பெரிதாக்கித் தருகிறது எனக் கேட்டு, அது தானே ஆற்றலைப் படைப்பதாக எண்ணிக்கொள்வர். அது பொருந்தாது. ஆற்றல் முழுவதும் மின்கலத்திலிருந்தோ மின்வழங்கியிலிருந்தோ வருகிறது. டிரான்சிஸ்டர் அதன் பாதையில் நிற்கும் மதகு.

உவமை ஓரிடத்தில் பொருந்தாமல் போவதையும் அறிதல் வேண்டும். மதகுப் பலகையை உயர்த்திவிட்டு ஒருவர் வீட்டுக்குச் செல்லலாம். அது உயர்ந்தபடியே நிற்கும். டிரான்சிஸ்டரோ திறக்கும் கை விலகியவுடன் மூடிக்கொள்ளும். அது திறந்திருக்க வேண்டிய நேரம் முழுவதும் சிறு மின்னோட்டம் இடைவிடாது செலுத்தப்பட வேண்டும். இது குறையன்று. கட்டுப்படுத்தும் கருவி செயலிழந்தால் பாதையும் அடைபடும் என்பதே பல இடங்களில் காப்பாக அமைகிறது.

மூன்று முனைகள்

சிலிக்கனால் ஆன என்பிஎன் வகை டிரான்சிஸ்டரில் மூன்று அடுக்குகள் உள்ளன. ஓரத்து அடுக்குகள் உமிழ்ப்பான், ஏற்பான் எனப்படும். இடையில் இருக்கும் மிக மெல்லிய அடுக்கு அடிவாய். அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே மின்னழுத்தம் இல்லாதபோது, ஏற்பானிலிருந்து உமிழ்ப்பானுக்கு மின்னோட்டம் செல்ல வழியில்லை. இது வெட்டு நிலை. சாவி திறந்திருப்பதற்கு ஒப்பானது. சொல்லில் ஒரு சிக்கல் உண்டு: மதகு திறந்தால் நீர் ஓடும், மின்சாவி திறந்தால் மின்னோட்டம் நிற்கும். எனவே மின்சுற்றைப் பற்றிப் பேசும்போது திறத்தல், மூடல் என்பவற்றைவிட இயங்குநிலை, அணைநிலை என்று கூறுவதே குழப்பம் தராது.

அடிவாய்க்கு உமிழ்ப்பானைவிட ஏறத்தாழ 0.7 வோல்ட் மிகுதியாகக் கிடைத்தால் அவ்விரண்டின் சந்தி முன்னோக்குச் சார்பு பெறுகிறது. உமிழ்ப்பானிலிருந்து எலக்ட்ரான்கள் அடிவாய்க்குள் பாய்கின்றன. அடிவாய் மெல்லியதாகவும் மாசு குறைவாகச் சேர்க்கப்பட்டதாகவும் இருப்பதால், அங்குத் தங்கும் எலக்ட்ரான்கள் மிகச்சிலவே. பெரும்பாலானவை அதனைக் கடந்து ஏற்பானை அடைந்துவிடுகின்றன. தங்கிய சிறு பகுதிக்கு ஈடாக அடிவாயில் செலுத்தப்படும் மின்னோட்டமே அடிவாய் மின்னோட்டம். ஏற்பான் மின்னோட்டம் அதைப்போல் நூறு மடங்கு, இருநூறு மடங்கு இருக்கும். இம்மடங்கே மின்னோட்டப் பெருக்கம்.

அடிவாய் மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட ஏற்பான் மின்னோட்டமும் கூடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஏற்பானோடு இணைந்த கருவி, தனக்குரிய மின்னழுத்தத்தில் எவ்வளவு மின்னோட்டத்தை ஏற்குமோ அவ்வளவுதான் பாயும். அந்நிலையில் ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே எஞ்சுவது 0.2 வோல்ட் அளவே. இது தெவிட்டிய நிலை. வெட்டு நிலை, தெவிட்டிய நிலை ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் டிரான்சிஸ்டர் மிகைப்பியாகச் செயல்படும். வானொலிப் பெட்டி பயன்படுத்துவது அப்பகுதியை. ஒரு தலைமுறைத் தமிழர்க்கு 'டிரான்சிஸ்டர்' என்னும் சொல்லே வானொலிப் பெட்டியைக் குறித்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது. சாவியாகப் பயன்படும்போது இடைப்பகுதியில் தங்கலாகாது. முழுமையாக ஓடு, அல்லது முழுமையாக நில் என்னும் இரண்டே கட்டளைகள்தாம் அங்கு உண்டு.

தொலைபேசி நிலையத்தின் தேவை

டிரான்சிஸ்டர் பிறந்ததன் பின்னணியிலேயே சாவியின் தேவை இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகம் அன்று தொலைபேசி நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. தொலைபேசி இணைப்பகங்களில் ஓயாமல் திறந்து மூடிய ரிலேக்கள் தேய்ந்தன. அவற்றின் தொடுமுனைகள் கருகின. அசையும் உறுப்பே இல்லாத சாவி வேண்டும் என்ற எண்ணம் அங்கு 1930களிலேயே எழுந்தது. வெற்றிடக் குழல்கள் அசைவின்றிப் பணிசெய்தன. ஆயினும் அவற்றுக்குச் சூடேறிய இழை வேண்டும். 1946ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் அளவுக்கு மின்திறனை உண்டது.

1947ஆம் ஆண்டு டிசம்பரில், அந்த ஆய்வகத்தின் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டெய்ன் இருவரும் ஜெர்மானியத் துண்டின்மேல் பொன் தகடுகளை அழுத்தி முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அடுத்த சில வாரங்களில் வில்லியம் ஷாக்லி சந்தி வகை டிரான்சிஸ்டரின் கோட்பாட்டை வகுத்தார். மூவரும் 1956ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அடிவாய்த் தடையைக் கணக்கிடுதல்

மோட்டார்க் கருவிக்கே திரும்பலாம். டிரான்சிஸ்டர் இங்கு மோட்டாரை நேரடியாகத் தொடுவதில்லை. அது ஒரு ரிலேயை இயக்குகிறது. ரிலேயின் தொடுமுனைகள் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாக இணைக்கப்பட்டிருக்கும். ரிலே ஓரிரு நொடி இழுத்தால், விரலால் பொத்தானை அழுத்தியதற்கு ஒப்பாக ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் இழுத்துத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். ரிலேயின் சுருளுக்கும் அதன் தொடுமுனைகளுக்கும் இடையே மின் இணைப்பு கிடையாது. காந்த விசை மட்டுமே உண்டு. இதனால் மும்முனை மின்சாரம் நுண்கட்டுப்படுத்தியின் பக்கம் தலைகாட்டாது.

டிரான்சிஸ்டர் எதனை இயக்குகிறதோ அதனைப் பளு என்பர். இங்குப் பளு ரிலேயின் சுருள். அது 12 வோல்ட்டுக்கு உரியது. அதன் மின்தடை 400 ஓம் எனக் கொள்வோம். ஓம் விதிப்படி அதற்குத் தேவையான மின்னோட்டம் 12 ÷ 400, அதாவது 30 மில்லி ஆம்பியர். கடைகளில் எளிதில் கிடைக்கும் பிசி 547 டிரான்சிஸ்டர் 100 மில்லி ஆம்பியர் வரை ஏற்கும். எனவே அது போதும்.

இனி அடிவாய்க்கு எவ்வளவு தருவது? அந்த டிரான்சிஸ்டரின் விவரத்தாள் மின்னோட்டப் பெருக்கத்தை 110 முதல் 800 வரை எனக் குறிக்கிறது. ஒரே பெயர் தாங்கிய இரண்டு டிரான்சிஸ்டர்கள் இவ்வளவு வேறுபடலாம். கையில் உள்ளதன் பெருக்கம் 300 என அளந்து, 30 மில்லி ஆம்பியருக்கு 0.1 மில்லி ஆம்பியர் போதும் என்று கணக்கிடுபவர், கணக்கில் தவறவில்லை, பொறியியலில் தவறுகிறார். பழுதான டிரான்சிஸ்டரை மாற்றி வேறொன்றைப் பொருத்தும் நாளில், புதியதன் பெருக்கம் 120 என்றால் ரிலே அரைகுறையாக இழுக்கும். மேலும், தெவிட்டிய நிலையை நெருங்கும்போது பெருக்கம் தானே குறைந்துவிடும். ஆகவே சாவியாகப் பயன்படுத்துவோர் விவரத்தாளின் பெருக்கத்தை நம்பாமல், அதனைப் பத்து என்றே வைத்துக்கொள்வர். 30 மில்லி ஆம்பியருக்கு அடிவாயில் 3 மில்லி ஆம்பியர்.

நுண்கட்டுப்படுத்தி தருவது 5 வோல்ட். அடிவாய்ச் சந்தி எடுத்துக்கொள்வது 0.7 வோல்ட். எஞ்சும் 4.3 வோல்ட்டை 3 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1,433 ஓம். அவ்வளவில் மின்தடை கடையில் கிடையாது. 1.5 கிலோ ஓம் அல்லது 1.2 கிலோ ஓம் கிடைக்கும். முதலாவதைக் கொண்டால் 2.87 மில்லி ஆம்பியர். இரண்டாவதைக் கொண்டால் 3.58 மில்லி ஆம்பியர். இரண்டும் ஏற்புடையவையே. இத்தடையை விட்டுவிட்டு முனையை நேரே அடிவாயோடு இணைத்தல் கூடாது. அடிவாய்ச் சந்தி 0.7 வோல்ட்டுக்குமேல் உயர மறுக்கும். நுண்கட்டுப்படுத்தி 5 வோல்ட்டுக்கு உயர்த்த முயலும். அப்போராட்டத்தில் இரண்டில் ஒன்று அழியும்.

இன்னொரு மின்தடையும் வேண்டும். பலர் இதனை மறந்துவிடுகின்றனர். மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது நுண்கட்டுப்படுத்தி விழித்தெழச் சிறிது நேரம் ஆகும். அதுவரை அதன் முனை எந்நிலையிலும் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். அவ்வேளையில் ஏதேனும் சிறு கசிவு அடிவாயை அடைந்து, யாரும் கட்டளையிடாமலே மோட்டார் ஓடிவிடக் கூடாது. அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால், அது அடிவாயை உமிழ்ப்பானின் மட்டத்திலேயே பிடித்து வைக்கும்.

இவ்வமைப்பில் அடிவாய்ப் பக்கம் செலவாகும் திறன் 5 வோல்ட், 3 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 15 மில்லிவாட். இறுதியில் இயங்கும் மோட்டார் 3,730 வாட். இடையில் ரிலேயும் கான்டாக்டரும் படிகளாக நின்று, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மடங்கை எட்டச் செய்கின்றன.

பளுவின் இடம்

என்பிஎன் டிரான்சிஸ்டரில் பளுவை ஏற்பானுக்கும் நேர்முனைக்கும் இடையே இணைக்க வேண்டும். உமிழ்ப்பான் நேரே எதிர்முனையோடு சேரும். பளுவை உமிழ்ப்பானுக்குக் கீழே இணைத்தால் என்ன ஆகும்? மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் உமிழ்ப்பானின் மின்னழுத்தம் உயரும். அடிவாய் எப்போதும் அதைவிட 0.7 வோல்ட் மேலே இருந்தாக வேண்டும். அடிவாயில் கிடைப்பதோ 5 வோல்ட். ஆகவே உமிழ்ப்பான் 4.3 வோல்ட்டைத் தாண்டாது. 12 வோல்ட் ரிலேக்கு 4.3 வோல்ட் கிடைத்தால் அது இழுக்காது. மீதி மின்னழுத்தத்தை டிரான்சிஸ்டர் தன்மேல் தாங்கிச் சூடேறும். நுண்கட்டுப்படுத்தியின் எதிர்முனையும் 12 வோல்ட் மின்வழங்கியின் எதிர்முனையும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது. அவ்விணைப்பு இல்லையேல் அடிவாய் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லை.

அரைத்திறப்பின் கேடு

டிரான்சிஸ்டரில் தோன்றும் வெப்பம் என்பது அதன்மீது நிற்கும் மின்னழுத்தத்தையும் அதன்வழிப் பாயும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகை. அணைநிலையில் 12 வோல்ட்டும் அதன்மேல் நிற்கும், மின்னோட்டம் சுழி. பெருக்குத்தொகை சுழி. இயங்குநிலையில் 30 மில்லி ஆம்பியர் பாயும்; மின்னழுத்தம் 0.2 வோல்ட். பெருக்கினால் 6 மில்லிவாட். இரண்டுக்கும் நடுவே, பாதித் திறப்பில், 6 வோல்ட்டும் 15 மில்லி ஆம்பியரும் சேர்ந்து 90 மில்லிவாட் ஆகின்றன. முழுமையாக இயங்கும்போது தோன்றுவதைவிடப் பதினைந்து மடங்கு.

ரிலேயில் இது சிறுதொகை. 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் உண்ணும் விளக்கு ஒன்றைக் கருதினால் உண்மை உறைக்கும். பாதித் திறப்பில் விளக்கின் தடை மாறாது எனக் கொண்டால் 6 வோல்ட், 2 ஆம்பியர். டிரான்சிஸ்டரில் மட்டும் 12 வாட் வெப்பம். பற்றாசு வைக்கும் கருவியின் நுனியைப் போல் அது சுடும்.

அவ்வாறாயின் விளக்கின் ஒளியையோ விசிறியின் விரைவையோ குறைப்பது எவ்வாறு? பழைய வீடுகளின் சுவரில் இருந்த பெரிய விசிறி ஒழுங்கி, கம்பிச்சுருள் தடையால் மின்னோட்டத்தைக் குறைத்தது, தொட்டால் சுட்டது. சேமித்ததாக எண்ணிய திறனில் ஒரு பங்கு அப்பெட்டியிலேயே வெப்பமாக வீணாயிற்று. மின்னணுச் சாவி வேறு வழியைக் காட்டுகிறது. முழுமையாக இயக்குதல், முழுமையாக அணைத்தல் ஆகிய இரண்டையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றிச் செய்தால், பளுவுக்குக் கிடைப்பது சராசரி. பாதி நேரம் இயங்கிப் பாதி நேரம் அணைந்தால் பாதித் திறன். கண்ணுக்கு அந்த இமைப்பு தெரியாது. டிரான்சிஸ்டரோ அரைத்திறப்பில் ஒருபோதும் தங்காததால் குளிர்ந்தே இருக்கும். இதனைத் துடிப்பு அகலக் குறிப்பேற்றம் என்பர். பெயர் கடினம், செயல் எளிது.

சுருளின் எதிர்வினை

நீர் விரைந்து ஓடும் குழாயைச் சட்டென்று அடைத்தால் குழாய் முழுதும் அதிர்ந்து ஒலிக்கும். ஓடிக்கொண்டிருந்த நீர் உடனே நிற்க மறுப்பதே அதன் காரணம். கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டமும் அவ்வாறே. ரிலேயின் சுருளைச் சுற்றிக் காந்தப்புலத்தில் ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது. டிரான்சிஸ்டர் ஒரு நொடியின் சிறு கூறில் அணைந்ததும் அக்காந்தப்புலம் சரிகிறது. லென்ஸ் விதிப்படி, சுருள் தன் மின்னோட்டத்தைத் தொடரச் செய்யும் திசையில் மின்னழுத்தத்தைத் தூண்டும். வழி அடைபட்டிருப்பதால் அது சில நூறு வோல்ட் வரை உயரக்கூடும். பிசி 547 தாங்கக்கூடியது 45 வோல்ட்.

விந்தை என்னவெனில், இத்தகைய சுற்று முதல்நாள் நன்றாகவே இயங்கும். நூறுமுறை இயங்கும். பின்னர் ஒருநாள் காரணமின்றி நின்றுவிட்டதாகத் தோன்றும். ஒவ்வோர் அணைப்பிலும் டிரான்சிஸ்டர் அடிவாங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

தடுக்கும் முறை மிக எளிது. 1என்4007 போன்ற டையோடு ஒன்றைச் சுருளுக்கு இணையாக, அதன் வெள்ளிக்கோடு உள்ள முனை நேர்முனைப் பக்கம் இருக்குமாறு இணைக்க வேண்டும். வழக்கமான இயக்கத்தில் அது பின்னோக்குச் சார்பில் இருப்பதால் இருப்பதே தெரியாது. டிரான்சிஸ்டர் அணைந்ததும், சுருளின் மின்னோட்டம் டையோடு வழியே சுற்றி வந்து தன் ஆற்றலைச் சுருளின் தடையிலேயே தீர்த்துக்கொள்ளும். டிரான்சிஸ்டரின்மேல் 12.7 வோல்ட்டுக்குமேல் ஏறாது. ரிலே விடுபடச் சில மில்லிநொடி தாமதமாகும். மோட்டாருக்கு அது பொருட்டன்று. டையோடைத் திசைமாற்றி இணைத்தால், டிரான்சிஸ்டர் இயங்கியவுடன் மின்வழங்கியே குறுக்குச் சுற்றாகிவிடும். சில காசுகளில் கிடைக்கும் இவ்வுறுப்பைப் பொருத்துவதில் காட்டும் கவனமே, பணியறிந்தவரையும் அறியாதவரையும் வேறுபடுத்தும்.

பெரும்பளுவும் புதிய சாவிகளும்

4 ஆம்பியர் விளக்கை இயக்க 2என்3055 போன்ற திறன் டிரான்சிஸ்டரைக் கொள்ளலாம். ஆனால் பத்துக்கு ஒன்று என்னும் முறைப்படி அதன் அடிவாய்க்கு 400 மில்லி ஆம்பியர் வேண்டும். நுண்கட்டுப்படுத்தி அதனைத் தர இயலாது. மதகுப் பலகை பெரிதானால் திருகுவதற்கும் பலர் வேண்டியிருப்பதைப் போன்றது இது.

1960ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தின் முகம்மது அட்டல்லா, டாவோன் காங் ஆகியோர் அறிவித்த மாஸ்ஃபெட், இவ்விடரைத் தீர்க்கும் வழியைக் காட்டியது. அதன் கேட் என்னும் முனை, மெல்லிய ஆக்சைடு படலத்தால் மற்றப் பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளது. அதில் மின்னோட்டம் தொடர்ந்து பாய்வதில்லை; மின்னழுத்தம் நின்றாலே போதும். இயங்குநிலையில் அது மிகச்சிறு மின்தடையாகிவிடும். 0.02 ஓம் மின்தடையுள்ள மாஸ்ஃபெட்டில் 4 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பம் 0.32 வாட் மட்டுமே. ஆயினும் சில மாஸ்ஃபெட்டுகள் முழுமையாக இயங்கக் கேட்டில் 10 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டில் அவை இயங்குவதுபோல் காட்டி, அரைத்திறப்பில் நின்று சூடேறும். வாங்குவதற்குமுன் விவரத்தாளைப் படித்தல் இதனால்தான் இன்றியமையாதது. கையில் தேங்கிய நிலைமின்னே அந்த ஆக்சைடு படலத்தைத் துளைத்துவிடும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

சென்னையில் 1948ஆம் ஆண்டு பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர் பி. ஜெயந்த் பாலிகா. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1980களின் தொடக்கத்தில் ஐஜிபிடி என்னும் திறன் சாவியை உருவாக்கினார். மாஸ்ஃபெட்டைப் போல் மின்னழுத்தத்தால் கட்டுப்படுவதும், சந்தி டிரான்சிஸ்டரைப் போல் பெரும் மின்னோட்டத்தைத் தாங்குவதும் ஆகிய இரு பண்புகளும் அதில் ஒன்றுசேர்ந்தன. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகும் வந்தே பாரத் தொடர்வண்டியின் மோட்டார்களுக்கு மின்திறனைப் பகிர்ந்தளிப்பவை இத்தகைய சாவிகளே. 2024ஆம் ஆண்டுக்குரிய மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசை ஃபின்லாந்து அவருக்கு வழங்கியது.

சாவி ஒட்டிக்கொண்டால்

வீட்டுச் சுவிட்சு பழுதானால் பெரும்பாலும் விளக்கு எரியாது. டிரான்சிஸ்டர் பழுதாகும் முறை வேறு. மிகை மின்னழுத்தத்தாலோ வெப்பத்தாலோ அதன் சந்திகள் உருகிப் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அப்போது அடிவாயில் கட்டளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். மதகு திறந்தபடியே சிக்கிக்கொண்டதற்கு இது ஒப்பு.

மோட்டார்க் கருவியில் இது நேர்ந்தால் விளைவு என்ன? பச்சைப் பொத்தானுக்கு இணையான ரிலே இழுத்தபடியே நிற்கும். ஒருவர் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார், மோட்டார் நிற்கிறது. விரலை எடுத்ததும் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. நின்றுவிட்டது என்று நம்பி, குழாயின் அடிவால்வைச் சரிசெய்ய ஒருவர் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால் நிலைமை என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனவே மோட்டாரையோ கிணற்றையோ தொடுவதற்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ் கேரியர்களையும் பிடுங்கிக் கையோடு எடுத்துச் செல்லும் பழைய வழக்கம், கைப்பேசிக் கருவி வந்தபின்னும் மாற்ற இயலாத விதியாக நீடிக்கிறது. வெப்பமூட்டும் கருவிகளிலும் இதே காரணத்தால், டிரான்சிஸ்டரோடு தொடராக வெப்ப உருகி ஒன்றையும் பொருத்துவர். சாவி ஒட்டிக்கொண்டாலும், வெப்பம் வரம்பு மீறும்போது உருகி தன்னை அழித்துச் சுற்றைத் துண்டிக்கும்.

கற்பவை கற்றபின்

1. 12 வோல்ட்டில் இயங்கும் ரிலே ஒன்றின் சுருள் மின்தடை 240 ஓம். நுண்கட்டுப்படுத்தி 3.3 வோல்ட் தருகிறது எனில், பொருத்தமான அடிவாய்த் தடையைக் கணக்கிட்டு, கடையில் கிடைக்கும் அளவொன்றைத் தேர்ந்து காரணம் கூறுக.

2. மின்கலம், சிறு குறிவிளக்கு, பிசி 547 டிரான்சிஸ்டர், ஒளிசார் மின்தடை ஆகியவற்றைக் கொண்டு, இருள் சூழ்ந்ததும் ஒளிரும் விளக்குச் சுற்றை வரைக. அந்தியில் வெளிச்சம் மெல்லக் குறையும்போது டிரான்சிஸ்டர் எந்நிலையில் இருக்கும் என்பதை வகுப்பில் உரையாடுக.

3. உங்கள் ஊரில் மோட்டார் பழுதுநீக்கும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, ஸ்டார்ட்டர்ப் பெட்டியின் உறுப்புகளுக்கு அவர் வழங்கும் பெயர்களைத் திரட்டித் தொகுக்க. மின்சாரம் இணைக்கப்பட்ட பெட்டியைத் திறக்க வேண்டா.